சிபியுவுக்கு அடித்த காற்று

அண்ணன் போன் செய்தபோது நான் தேனி அலுவலகத்தில் ஆயுத பூசை விளம்பரப் பக்கங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். பகல் பதினோரு மணி இருக்கும். மறுநாள் அச்சகத்துக்கு விடுமுறை, அதற்கடுத்த நாள் பத்திரிகை வராது. ஆகவே அன்று எல்லோரும் இரண்டு நாள் வேலையைச் சேர்த்துச் செய்துகொண்டிருந்தோம்.

"ஏலே, கம்ப்யூட்டருக்குக் காத்து அடிக்கலாமா?" என்றார்.

"என்னது?"

"காத்துடா. உள்ள பூராம் தூசி. நாளைக்குப் பூசையில வைக்கணும்ல, சுத்தமா இருக்கணும்னு உங்க மதினி சொல்றா."

எங்கள் அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர் மாதம் ஒருமுறை, தலைமுடி காயவைக்கிற கருவி போன்ற ஒன்றை வைத்துத் தூசியை ஊதுவார். அதைப் பார்த்திருந்ததால், "அடிங்கண்ணே. இங்கனயும் காத்துத்தான் அடிப்பாக" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அரை நிமிடப் பேச்சு. எந்தக் காற்று, எங்கே போய் அடிக்கப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. யாராவது இப்படி அரைகுறையாக ஒரு செய்தியைக் கொடுத்திருந்தால் ஐந்து கேள்வியாவது கேட்டிருப்பேன்.

அண்ணன் காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்தார். ஆயுத பூசைக்கு முந்தைய நாள் அந்தப் பக்கத்து வண்டிகளும் இயந்திரங்களும் மொத்தமாகக் கம்பம் சாலையில் உள்ள வாட்டர் சர்வீஸ் கடைகளில் போய் நிற்கும். டிராக்டர், டெம்போ, மொபெட், கிணற்று மோட்டார், திராட்சைக்கு மருந்து அடிக்கிற பவர் ஸ்பிரேயர் எல்லாவற்றையும் தண்ணீர் பாய்ச்சிக் கழுவி, பிறகு கம்ப்ரஸர் குழாயால் காற்றடித்து ஈரத்தை விரட்டித் தருவார்கள். பூசையில் வைக்கிற எதுவும் அழுக்கோடு இருக்கக் கூடாது. அண்ணன் அன்று தன் பைக்கையும் ஸ்பிரேயரையும் அங்கே கொண்டுபோனார். கணினியின் சிபியு பெட்டியையும் ஒரு சாக்கில் வைத்துக் கட்டி எடுத்துப் போனார். தண்ணீர் படக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். அதனால் அதை மட்டும் தனியாக வைத்து, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றச் சொல்லி, காற்று மட்டும் அடிக்கச் சொன்னார். கடைக்காரரும் சைலன்சருக்குள் விடுகிற அதே வேகத்தில் அடித்தார். உள்ளே இருந்த சின்ன விசிறி விமானம் மாதிரிச் சுற்றியது என்று அண்ணன் பிறகு சொன்னார். அதைச் சொல்லும்போது அவருக்கு அப்போதும் கொஞ்சம் வியப்பு இருந்தது.

அந்தக் கணினியில் இருந்தது மதினியின் ஆய்வேடு.

மதினி நடுநிலைப் பள்ளி ஆசிரியை. தொலைநிலைக் கல்வியில் எம்.பில். படித்துக்கொண்டிருந்தார். பாடம் தமிழ். ஆய்வுத் தலைப்பு, கம்பம் பள்ளத்தாக்கின் கிணற்றுப் பெயர்கள். மூன்று கோடை விடுமுறைகளில் டவுன் பஸ் ஏறி ஊர் ஊராகப் போய்ப் பெயர் சேகரித்தார். பங்காளிக் கிணறு, கோழி விழுந்தான் கிணறு, மருமகன் வெட்டுன கிணறு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. முதல் இரண்டு இயல்களைக் கையால் எழுதி வைத்துக்கொண்டு டைப் செய்தார். கை பழகிவிட்டதால் மூன்றையும் நான்கையும் நேராகக் கணினியிலேயே எழுதினார். பிரிண்ட் எடுத்து வைத்திருந்தது முதல் இயலை மட்டும். விஜயதசமி முடிந்து மூன்றாம் நாள் பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். ஒருமுறை கால நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. இந்த முறை தவறினால் பதிவு ரத்தாகும் என்று நெறியாளர் சொல்லியிருந்தார். விடுமுறை நாட்களில் பிழை திருத்தி, கம்பத்தில் பிரிண்ட் எடுத்து, பைண்டிங் கொடுத்துவிடலாம் என்று மதினி கணக்குப் போட்டிருந்தார்.

நான் மாலை ஆறரை மணி பஸ்ஸில் போய் இறங்கினேன். வாசலில் பைக் கழுவி நின்றது. கைப்பிடியில் இன்னும் பூ சுற்றவில்லை.

"வாங்க தம்பி" என்றார் மதினி. "கொஞ்சம் வந்து பாருங்க. நின்னு போச்சு."

அண்ணன் மதியம் கொண்டுவந்து இணைத்ததும் கணினி ஓடியிருக்கிறது. மதினி நான்காம் இயலைத் திறந்து திருத்த ஆரம்பித்திருக்கிறார். பத்து நிமிடத்தில் திரை அப்படியே நின்றது. மவுஸ் அம்பு நகரவில்லை. அணைத்துப் போட்டதும் மறுபடி வந்தது. ஐந்து நிமிடம் ஓடி மறுபடி நின்றது. மூன்றாவது முறை போட்டபோது விண்டோஸின் ஜன்னல் படம் வந்த இடத்திலேயே உறைந்தது. நான்காவது முறை ஒன்றுமே வரவில்லை. விசிறி மட்டும் ஓடியது. திரை கறுப்பாக இருந்தது.

"எத்தன தடவ போட்டுப் பாத்தீக?"

"எண்ணல. பத்துப் பன்னெண்டு இருக்கும்."

குடும்பத்தில் கணினி தெரிந்தவன் நான்தான் என்பது எல்லோருடைய எண்ணம். பத்திரிகை அலுவலகத்தில் எங்களுக்குக் கணினி வந்து ஆறேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் அதில் செய்தி அடிப்பேன், அனுப்புவேன். நின்றுபோனால் எழுந்து போய் டீ குடிப்பேன். வருவதற்குள் யாராவது சரிசெய்து வைத்திருப்பார்கள். இதை நான் வீட்டில் யாரிடமும் விளக்கமாகச் சொன்னதில்லை. இந்தக் கணினியை வாங்கும்போது தேனிக் கடையில் அண்ணனோடு நின்று எது வேண்டும், எது வேண்டாம் என்று தலையாட்டியவனும் நான்தான்.

ஆகவே தெரிந்தவன் மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒயர்களைப் பிடுங்கிச் செருகினேன். பிளக்கை வேறு இடத்தில் மாட்டினேன். மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினேன். மானிட்டரைத் தட்டினேன். ஒருமுறை நீளமாக ஒரு பீப் ஒலி வந்தது, பிறகு இன்னொன்று, பிறகு வந்துகொண்டே இருந்தது.

"இது என்ன சத்தம்?" என்றார் மதினி.

"உள்ள ஏதோ சொல்லுது."

"என்ன சொல்லுது?"

நான் ஒரு ஒயரை மறுபடி பிடுங்கிச் செருகினேன். அண்ணன் கதவோரம் நின்றிருந்தார். "காலையில பூசை போட்டுட்டுப் பாப்போம். சாமி கும்பிட்டா சரியாயிரும்" என்றார்.

"உங்கள யாரு இத அங்கன தூக்கிட்டுப் போகச் சொன்னது?" என்று மதினி அவர் பக்கம் திரும்பினார். "துணியால தொடைக்கத்தான சொன்னேன்."

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. "நானாத்தான் கொண்டு போனேன்" என்றார்.

அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். நான் மானிட்டருக்குப் பின்னால் குனிந்து, ஏற்கெனவே இறுக்கமாக இருந்த ஒரு திருகை மறுபடியும் இறுக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை பூசை. கூடத்தில் மதினியின் புத்தகங்களையும் நோட்டுகளையும் அடுக்கி, மேலே பட்டுத் துணி போட்டு, சரஸ்வதி படத்தை வைத்தார்கள். கீழே அரிவாள், மண்வெட்டி, கவாத்துக் கத்தரி, அரிவாள்மனை, ஸ்பானர்கள், திருப்புளிகள், அளவு டேப் எல்லாம் வரிசையாக இருந்தன. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். கடைசியில் அண்ணன் அந்தச் சிபியு பெட்டியைத் தூக்கிவந்து ஸ்பிரேயருக்குப் பக்கத்தில் வைத்தார். அதற்கும் மூன்று பட்டை திருநீறும் நடுவில் குங்குமமும் இட்டு ஒரு துண்டுச் சாமந்திச் சரம் போட்டார். பொரி, சுண்டல், தேங்காய். சூடம் காட்டும்போது மதினி பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூசையில் வைத்த கருவியை மறுநாள் விஜயதசமி காலையில்தான் எடுக்க வேண்டும். புத்தகத்தையும் அன்று படிக்கக் கூடாது. சிறு வயதில் எங்களுக்கு இதைவிட இனிப்பான விதி கிடையாது.

அன்று காலை எட்டு மணியிலிருந்தே நான் போன் செய்துகொண்டிருந்தேன். எங்கள் அலுவலகக் கணினிக்காரர் சொந்த ஊர் போய்விட்டார் என்று அவர் வீட்டில் சொன்னார்கள். தேனிக் கடையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கம்பத்தில் கணினி சர்வீஸ் செய்கிற ஒருவரின் எண் பக்கத்து வீட்டில் கிடைத்தது. முன்பு குமுளியில் ஏலக்காய் வியாபாரிகளின் கணினிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர். போனில் ஒன்றுக்கு மூன்று முறை மலையாளச் சாயலில் "ஷெரி, ஷெரி" என்றார்.

"இன்னைக்கு ஒண்ணும் பண்ண முடியாதுண்ணே. டூல்ஸ் பூரா சாமிகிட்ட இருக்கு. கட பூட்டி, கதவுக்குச் சந்தனம் வச்சாச்சு."

"வந்து பாத்துட்டாவது போங்களேன்."

"மாமியா வீடு அங்கனதான். மத்தியானம் சாப்பிட வருவேன். வாரேன். ஆனா தொடமாட்டேன், சொல்லிட்டேன்."

சொன்னபடி இரண்டரை மணிக்கு வந்தார். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். புது வேட்டி, நெற்றியில் சந்தனம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கூடத்தில் நின்று, மாலை போட்டிருந்த சிபியுவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அலங்காரமெல்லாம் ஜோரா இருக்கு" என்றார். "என்ன பண்ணுனீக?"

அண்ணன் சொன்னார். கம்ப்ரஸர் என்ற சொல் வந்ததும் அவர் கண்ணை மூடித் திறந்தார்.

"எந்தக் கடை?"

அண்ணன் கடையைச் சொன்னார்.

"அண்ணே, அதுல காத்து மட்டுமா வரும்? அந்த டேங்குக்குள்ள தண்ணி நிக்கும், எண்ணெ நிக்கும். தினம் வடிச்சு விடணும். நேத்து இருந்த கூட்டத்துல எவன் வடிச்சிருப்பான்? முந்நூறு வண்டிக்கு அடிச்சதோட மிச்சத்த இதுக்குள்ள விட்டிருக்கீக. அதுக்கு மேல கரண்ட்டு வேற குடுத்திருக்கீக, பன்னெண்டு தடவ."

மதினி, "இப்ப என்ன செய்யணும்?" என்றார்.

"நாளைக்குக் காலையில கடைக்குக் கொண்டாங்க டீச்சர்."

"அதுக்குள்ள இன்னும் கெட்டுப் போயிருமா?"

அவர் தயங்கினார். "ஈரம் இருந்தா துரு பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கும்."

"அப்ப எடுங்க."

"நான் தொடமாட்டேன் டீச்சர். வருசம் பூரா இந்தக் கையாலதான் சாப்பிடுறேன்."

"நீங்க தொட வேண்டாம். சொல்லுங்க. தம்பி செய்வாக."

அண்ணன் வாயைத் திறந்தார். மதினி மாலையைக் கழற்றி ஸ்பிரேயர் மேல் போட்டார். நான் பெட்டியைத் தூக்கி வெளிச்சமான இடத்தில் வைத்தேன். அண்ணன் வாசலுக்குப் போய், அங்கிருந்து திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திருப்புளி பூசையில் இருந்தது. பெட்டியை எடுத்தது போதாதென்று அதையும் எடுக்க அண்ணனுக்கு முன்னால் எனக்குக் கை வரவில்லை. "இருபத்தஞ்சு பைசா இருக்கா? திருகுல சரியா உக்காரும்" என்றார் சர்வீஸ்காரர். இருந்தது. அதை வைத்துத் திருகினேன். தகடு கழன்றது. உள்ளே எதிர்பார்த்ததைவிடச் சுத்தமாக இருந்தது. தூசியே இல்லை. பச்சை அட்டையின் மேல் மட்டும் மெல்லிய எண்ணெய்ப் பளபளப்பு தெரிந்தது. ஓர் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இன்னும் உருண்டையாக நின்றது.

"அந்த நீளமா, சீப்பு மாதிரி நிக்குதுல்ல, ரெண்டு பக்கமும் வெள்ளைக் கொக்கி, அதான் ரேம். கொக்கிய வெளிய தள்ளுங்க. மெதுவா. அண்ணே, மெதுவா! கருவேப்பிலையா பறிக்கிறீக?"

எடுத்தேன். அதன் விளிம்பில் பித்தளை நிறக் கோடுகள் வரிசையாக இருந்தன. சில கறுத்திருந்தன.

"ரப்பர் இருக்கா? பென்சில் அழிக்கிற ரப்பர். அதால தேய்க்கணும்."

வீட்டில் இருந்த எல்லா ரப்பரும் பென்சில் பெட்டியில் இருந்தன. பென்சில் பெட்டி புத்தக அடுக்கில், பட்டுத் துணிக்குக் கீழே இருந்தது. மூவரும் அந்தத் திசையில் பார்த்தோம். மதினி போய்த் துணியை விலக்கி, படம் சாயாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பெட்டியை உருவி, ரப்பரை எடுத்து, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்தார். துணியைச் சரிசெய்தார். என் கையில் ரப்பரைக் கொடுக்கும்போது அதன் மேல் ஒரு குங்குமப் பொட்டு இருந்தது.

பத்து நிமிடம் தேய்த்தேன். காய்ந்த வேட்டித் துணியால் எல்லா இடத்தையும் ஒற்றினேன். ரேமைத் திரும்பச் சொருகினேன். முதல் தடவை திருப்பிப் பிடித்துவிட்டேன். "அது பொண்ணு வீட்டுப் பக்கம். மாப்ள வீட்டுப் பக்கம் அங்கிட்டு" என்றார் சர்வீஸ்காரர். யாரும் சிரிக்கவில்லை. மின்சாரம் கொடுத்தோம். பீப் ஒலி ஒருமுறை குட்டையாக வந்து நின்றது. திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. மதினி என் தோளுக்குப் பின்னால் மூச்சை விட்டது கேட்டது.

எழுத்துகள் ஓர் இடத்தில் நின்றன. பெட்டிக்குள்ளிருந்து டக் என்று ஒரு சத்தம். சற்று இடைவெளி விட்டு மறுபடி டக். பல்லி சுவரில் தலையை முட்டுவது மாதிரி. பிறகு திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. ஓடக்கூடிய டிஸ்க் எதுவும் இல்லை, ஒன்றைப் போடவும் என்று அதற்குப் பொருள்.

சர்வீஸ்காரர் குனிந்து, கைகளைப் பின்னால் கட்டியபடியே, காதைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். நான்கு டக் சத்தம் கேட்கும்வரை அப்படியே இருந்தார்.

"அமத்திருங்க" என்றார். "இனிமே போடாதீக."

"என்ன அது?" என்றார் மதினி.

"ஹார்டு டிஸ்க்கு. நீங்க எழுதுனதெல்லாம் இருக்கிற எடம். தேடுது, கிடைக்கல. திரும்பித் தேடுது."

"அதுல இருக்கிறது?"

"நாளைக்கு வேற மிசின்ல மாட்டிப் பாப்போம் டீச்சர். சொல்ல முடியாது."

அவர் போன பிறகு மதினி அடுக்களைக்குள் போய்விட்டார். பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. அண்ணன் சிபியுவை மறுபடி எடுத்துப்போய் ஸ்பிரேயருக்குப் பக்கத்தில் வைத்தார், தகடு இல்லாமல். மாலையைப் போடலாமா என்று கையில் வைத்துக்கொண்டு யோசித்து, கடைசியில் போட்டார்.

அன்று மாலைவரை வீட்டில் அண்ணன் நிற்கிற இடம் ஒவ்வொன்றும் தப்பாக இருந்தது. "வழிய மறிச்சுக்கிட்டு நிக்காதீக", "பொரியை ஏன் தொறந்து வச்சிருக்கீக", "அந்தச் சாக்க ஏன் இங்கனயே போட்டு வச்சிருக்கீக, இன்னும் எதையாச்சும் கட்டி எடுத்துட்டுப் போகணுமா?" அண்ணன் சாக்கை மடித்து எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். ஆயுத பூசையன்று தோட்டத்தில் ஒரு வேலையும் கிடையாது. நான் பழைய பத்திரிகை ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விஜயதசமி காலை, ஏடு எடுக்கிற பூசை முடிந்த கையோடு நானும் மதினியும் டவுன் பஸ்ஸில் கம்பம் போனோம். ஹார்டு டிஸ்க்கை மட்டும் ஒரு துண்டில் சுற்றி மதினி மடியில் வைத்திருந்தார். அண்ணன் வருகிறேன் என்றார். வேண்டாம் என்று மதினி சொன்னார்.

கடையில் சர்வீஸ்காரர் வேறு ஆளாக இருந்தார். கையில் திருப்புளி இருந்தது. எங்கள் டிஸ்க்கைத் தன் கணினியோடு இணைத்தார். டக், டக். அணைத்து, வேறு ஒயர் மாட்டினார். டக். டிஸ்க்கைக் கவிழ்த்து வைத்தார். செங்குத்தாகப் பிடித்தார். ஒன்பதாவதோ பத்தாவதோ முறை, திரையில் திடீரென்று மஞ்சள் நிறக் கோப்புறை ஒன்று வந்தது. அதன் பெயர் 'கிணறு'.

"இருக்கு!" என்றார் மதினி.

சர்வீஸ்காரர் அதைத் திறந்தார். நான்கு இயல்களும் பெயரோடு வரிசையாக இருந்தன. முதல் இயலை இழுத்துத் தன் கணினிக்குள் போட்டார். ஒரு பச்சைக் கோடு நிரம்பிக்கொண்டே போய் முடிந்தது. இரண்டாவதை இழுத்தார். கோடு பாதியில் நின்றது. மவுஸ் அம்பு நின்றது. திரையின் ஓரத்தில் இருந்த கடிகாரமும் நின்றது. எங்கள் வீட்டில் நடந்தது அப்படியே அவர் கணினியிலும் நடந்தது. நாங்கள் மூவரும் அந்தப் பாதிக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கால் மணி நேரம் விட்டுப் பார்த்தார். பிறகு அணைத்தார். அதற்கப்புறம் அந்த டிஸ்க் டக் சத்தம்கூடக் கொடுக்கவில்லை.

மதினி கைப்பையிலிருந்து இரண்டு ஃப்ளாப்பிகளை எடுத்துக் கொடுத்தார். நான் சொல்லித்தான் அவர் அவற்றில் நகல் எடுத்து வைத்திருந்தார். இரண்டையும் போட்டபோது, இது வெற்று ஃப்ளாப்பி, புதிதாகத் தயார் செய்யட்டுமா என்று கணினி கேட்டது.

கிடைத்தது முதல் இயல். ஏற்கெனவே பிரிண்ட் எடுத்து வைத்திருந்த இயல் அது ஒன்றுதான்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம் இல்லை. சாலை ஓரங்களில் உடைத்த பூசணிக்காய்கள் குங்குமத்தோடு கிடந்தன. உத்தமபாளையம் பக்கமிருந்து வந்த லாரிகளில் வாழைக்கன்றுகள் வாடித் தொங்கின. நான் அந்த விவரங்களை எல்லாம் கவனித்துக்கொண்டு வந்தேன். பிறகு சொன்னேன்.

"மதினி, அண்ணன் போன்ல கேட்டாக. காத்து அடிக்கலாமான்னு. நான்தான் அடிங்கன்னு சொன்னேன்."

அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும் தம்பி. உங்க அண்ணன் பேசுறப்ப நான் பக்கத்துலதான் நின்னேன்."

நான் கையிலிருந்த டிக்கெட்டை மடித்தேன். அவரே தொடர்ந்தார்.

"எனக்கும் அது தப்புன்னு தெரியாது. பேப்பர் ஆபீஸ்ல அப்பிடித்தான் செய்வாகன்னு உங்க அண்ணன் சொன்னாக, சரின்னுட்டேன். அது போகட்டும். தெரியாமச் சொன்னது." கைப்பையை மடியில் சரிசெய்துகொண்டு, "நீங்க எப்பச் சொல்லுவீகன்னுதான் ரெண்டு நாளாப் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார். "நீங்க சொல்ற வரைக்கும் அவுகளத்தான் வஞ்சேன். அவுக ஒரு வார்த்தை உங்களச் சொல்லல. அதனால இன்னும் கொஞ்சம் வஞ்சேன்."

வீட்டுக்கு வந்ததும் அண்ணனிடம், நான் சொல்லிவிட்டதைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது.

"அத எதுக்குடா சொன்ன? நான் ஏத்துக்கிட்டேன்ல. ஒரு ஆளு வாங்குனாப் பத்தாதா?"

மதினி அன்று மதியமே நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டாம் இயல் கையெழுத்தில் இருந்தது. மூன்றுக்குக் குறிப்புகள் இருந்தன. நான்கு, கொழுந்து கிள்ள வந்த பெண்களிடம் அண்ணன் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டங்களிலும் கேட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து நேராக டைப் செய்தது. அதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. மூன்று நாளில் முடியாது என்பது உட்கார்ந்த ஒரு மணி நேரத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். "நீங்க எழுதுனா நாலு வரியில முடிச்சிருவீக" என்றார்.

நெறியாளரிடம் போனில் பேசினார். கணினி கெட்டுவிட்டது என்பதற்காக நீட்டிப்புத் தர விதியில் இடமில்லை, உடல்நலக் குறைவு என்றால் எழுதிக் கொடுங்கள், நான் பேசிப் பார்க்கிறேன் என்றாராம். அந்தக் கடிதத்தை மதினி என்னை எழுதச் சொன்னார். எழுதினேன். தேவையான பதற்றமும் தேவையான பணிவும் இருந்தன, ஒரு பிழை இல்லை. இந்த விவகாரம் முழுவதிலும் என்னால் உருப்படியாகச் செய்ய முடிந்தது அந்த ஒரு பொய்க் கடிதம்தான். ஆறு மாதம் கொடுத்தார்கள்.

அதற்குள் நான்காம் இயலுக்காக மதினி அதே பெண்களைத் தேடிப் போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். திராட்சைப் பந்தலுக்குக் கீழே ஆறு பெண்கள் கைகளை மேலே தூக்கியபடி கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தார்கள். மதினி நோட்டும் பேனாவுமாகப் பந்தலுக்குள் குனிந்து போனார்.

"ஆத்தா, போன வருசம் நாப்பது கிணத்துப் பேரு சொன்னீகளே, அத இன்னொரு தடவ சொல்லுங்க."

"எந்த நாப்பது?"

"அதான், இந்த ஓடைக்கு அங்கிட்டு இருக்கிற கிணறெல்லாம். ஒவ்வொண்ணுக்கும் ஏன் அந்தப் பேருன்னு சொல்லிச் சிரிச்சீகளே."

"அன்னைக்கு என்ன வாயில வந்துச்சோ சொல்லிருப்போம் டீச்சர். போன வருசம் பேசுனத எவ ஞாவகம் வச்சிருக்கா?" என்றார் ஒருவர். "நீங்கதான எழுதிக்கிட்டுப் போனீக?"

"இல்ல. கேட்டுக்கிட்டுத்தான் போனேன்."

"அப்ப உங்களுக்கே ஞாவகம் இல்லாதது எங்களுக்கு எப்பிடி இருக்கும்?" எல்லோரும் சிரித்தார்கள். மதினியும் சிரித்தார். பிறகு அவர்கள் சொல்லத் தொடங்கினார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் இல்லை என்றார். கோழி விழுந்தான் கிணற்றில் விழுந்தது கோழி இல்லை, ஒரு கணக்கப்பிள்ளை என்று ஒருவர் சத்தியம் செய்தார். அன்று பத்தொன்பது பெயர் கிடைத்தது. அதில் பாதி போன முறை சொல்லாதவை என்று மதினிக்குத் தோன்றியது. போன முறை சொன்னவற்றில் எவை வரவில்லை என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. திரும்பி வரும்போது, "ஒண்ணு இருந்துச்சு தம்பி, ரொம்ப நல்ல பேரு. படிச்சாலே சிரிப்பு வரும்" என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தார். வீடு வரும்வரை வரவில்லை.

ஆய்வேடு அந்த ஆறு மாதத்துக்குள் போய்ச் சேர்ந்தது. இந்த முறை முழுவதையும் கையால் எழுதி, கம்பத்தில் டைப்புக்குக் கொடுத்தார். பட்டமும் வந்தது. ஒரு பிரதியை எனக்குக் கொடுத்தார். நான்காம் இயலின் கடைசிப் பக்கத்தில், பட்டியலுக்குக் கீழே, சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது: "இப்பட்டியல் முழுமையானது அன்று." எந்த ஆய்வேட்டிலும் இருக்கக்கூடிய வரி. தேர்வாளர் அதன் அருகே பென்சிலால் 'ஏன்?' என்று எழுதியிருந்தாராம். வாய்மொழித் தேர்வில் அதைக் கேட்டிருக்கிறார்.

"என்ன சொன்னீக?" என்றேன்.

"நேரம் பத்தலைன்னு சொன்னேன்" என்றார் மதினி.